சிந்து நதி உடன்படிக்கை: தண்ணீரின் அளவும் தண்ணீரின் நாளும்

(உயர்தர வகுப்பு மாணவரும் கமக்காரரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



தென்னாசியாவின் அண்மைக்காலச் சரித்திரத்தில் ஏதேனும் ஒரு விடயத்தை எடுத்து விளக்குமாறு எம்மைக் கேட்டிருக்கின்றீர்கள். போர்களைப் பற்றியும் தேர்தல்களைப் பற்றியும் பத்திரிகைகள் நாடோறும் எழுதுகின்றன. ஆகவே நாம் ஓர் உடன்படிக்கையை எடுத்துக்கொண்டோம். 1960 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 19 ஆம் திகதி கராச்சி நகரிலே இந்தியப் பிரதம மந்திரி பண்டித நேருவும், பாகிஸ்தான் ஜனாதிபதி ஆயூப் கானும், உலக வங்கியின் சார்பில் வில்லியம் இலிஃப் என்பாரும் கையொப்பமிட்ட சிந்து நதி நீர் உடன்படிக்கையே அது. மூன்று போர்களைத் தாண்டி நின்ற அவ்வுடன்படிக்கை 2025 ஆம் ஆண்டு ஏப்பிரல் 23 ஆம் திகதி ஒரே மாலைப் பொழுதில் நிறுத்திவைக்கப்பட்டது. எங்ஙனம் நின்றது, எங்ஙனம் நிறுத்தப்பட்டது என்பதே இன்றைய பேச்சு.

மாணவர் எழுதும் விடையை நாம் அறிவோம். சிந்துப் பள்ளத்தாக்கில் ஆறு நதிகள். கிழக்கு நதிகளாகிய சட்லெஜ், பியாஸ், ராவி மூன்றும் இந்தியாவுக்கு. மேற்கு நதிகளாகிய சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் பாகிஸ்தானுக்கு. இவ்விடைக்குப் புள்ளி கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இதனை மாத்திரம் எழுதிய மாணவன் அவ்வுடன்படிக்கை ஏன் அறுபத்தைந்து ஆண்டுகள் நின்றது என்பதையும், அது நின்றுபோனபோது பஞ்சாப் உழவன் எதனை இழந்தான் என்பதையும் சொல்ல இயலாதவனாகின்றான்.

யாழ்ப்பாணத்தவருக்கு இவ்விடயத்தை விளக்குவது எளிது. பிரிவினை வழக்கு என்றால் என்னவென்று இங்கு அறியாதார் எவர்? தந்தை விட்டுச்சென்ற காணியை நில அளவையாளர் வந்து கோடிட்டுப் பிரித்துவிடலாம். பங்குக் கிணற்றை என் செய்வது? அதனால் அன்றோ நம் உறுதிகளிலே, இத்தனை பரப்புக் காணியும், கிணற்றிற் பங்கும், வழி வாய்க்காலும் என்று எழுதி வைக்கின்றோம்! கிணற்றைப் பிரிப்பதில்லை, முறை வைத்து இறைக்கின்றோம். 1947 இல் பஞ்சாபைப் பிரித்தவர்கள் காணியைப் பிரித்தார்கள். கிணற்றைப் பற்றிய வாசகம் உறுதியில் ஏறவில்லை.

அக்கோட்டை வரைந்தவர் சேர் சிறில் ராட்கிளிஃப் என்னும் ஆங்கில வழக்கறிஞர். 1947 யூலையில் இந்தியாவில் வந்திறங்கினார். அவர் தீர்ப்பு ஓகஸ்ட் 17 ஆம் திகதி, இரு நாடுகளும் சுதந்திரம் அடைந்த பின்னர், வெளியிடப்பட்டது. பிரித்தானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் வெட்டிய பெருங் கால்வாய்கள் பஞ்சாபை ஒரே வயலாக ஆக்கியிருந்தன. ராவி நதியில் மாதோப்பூரிலும், சட்லெஜ் நதியில் பிரோஸ்பூரிலும் அணைக்கட்டுகள். அவற்றின் மதகுகள் இந்தியாவின் பக்கம் விழுந்தன. அம்மதகுகளினின்றும் நீர் பெறும் வயல்களிற் பெரும் பகுதி பாகிஸ்தானின் பக்கம் விழுந்தது. துருசைத் திறப்பவன் ஒரு நாட்டான், வரம்பில் நிற்பவன் மறுநாட்டான் என்றாயிற்று.

இடைக்கால ஒழுங்கு ஒன்று செய்யப்பட்டது. 1948 மார்ச் 31 ஆம் திகதி வரை பழைய வழக்கப்படியே நீர் ஓடும் என்பது அவ்வொழுங்கு. அந்நாள் வந்தது, புதுப்பிக்க ஒருவரும் முன்வரவில்லை. மறுநாள், ஏப்பிரல் முதலாந் திகதி, கிழக்குப் பஞ்சாப் அரசாங்கம் கால்வாய்களை அடைத்தது. கோடை விதைப்புத் தொடங்கும் காலம் அது. லாகூர்ப் பகுதிக்குச் செல்லும் வாய்க்கால்களும், தீபால்பூர்க் கால்வாயும் வறண்டன. மே 4 ஆம் திகதி டில்லியில் ஓர் உடன்பாடு எழுதப்பட்டு நீர் ஓடத்தொடங்கிய போதிலும், நெருக்கடியில் நிறுத்திக் கையொப்பம் வாங்கினார்கள் என்று பாகிஸ்தான் பின்னர் முறையிட்டது. சட்டம் படித்தோர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டமையால், இந்தியா மீறிய வாசகம் என ஒன்றைக் காட்டுவது கடினம். ஆனால், வாசகத்தை மீறாமலே அயலவன் வயலை அழிக்க முடியும் என்பதை அவ்வைந்து வாரங்கள் காட்டிவிட்டன. பாகிஸ்தானின் தலைவர்கள் அதனை ஒருபோதும் மறக்கவில்லை. பின்னர் அந்நாடு நீரைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு சொல்லிலும் 1948 ஏப்பிரலின் அச்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

1951 இல் டேவிட் லிலியென்தால் என்னும் அமெரிக்கர் இரு நாடுகளுக்கும் வந்தார். டெனசி நதிப் பள்ளத்தாக்கு அதிகார சபையின் முன்னாள் தலைவர் அவர். நதி ஒன்று, நாடுகள் இரண்டு; ஆதலால் இரு நாட்டுப் பொறியியலாளரும் ஒன்றுகூடி முழுப் பள்ளத்தாக்கையும் ஒரே நிர்வாகமாக நடத்தலாம் என்று எழுதினார். உலக வங்கியின் தலைவர் யூஜின் பிளாக் அதனைப் பற்றிக்கொண்டு இரு பிரதமர்களுக்கும் கடிதம் எழுத, 1952 இல் வாஷிங்டனிற் பேச்சுத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. கூட்டு நிர்வாகம் என்ற எண்ணம் எவர் வாயிலும் இல்லாமற் போயிற்று. 1954 பெப்ரவரியில் வங்கி ஒரு புதிய யோசனையை வைத்தது: முறை வைத்து இறைக்க உங்களுக்கு இயலாவிடின், கிணறுகளையே பிரித்துவிடுவோம்; ஆளுக்கு மூன்று. இவ்விடத்திற்றான் சிந்து உடன்படிக்கை உலகத்தின் ஏனைய நதி உடன்படிக்கைகளினின்றும் வேறுபடுகின்றது. இங்கு பிரிக்கப்பட்டது நீர் அன்று, நதிகள். ஒருவரையொருவர் நம்பாத இருவருக்கு அதுவே ஏற்ற வழி என்பது எமது கருத்து.

அளவைப் பார்த்தால் மேற்கு நதிகள் மூன்றிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,350 இலட்சம் ஏக்கர் அடி நீரும், கிழக்கு நதிகள் மூன்றிலும் ஏறத்தாழ 330 இலட்சம் ஏக்கர் அடி நீரும் ஓடுகின்றன. ஐந்தில் நான்கு பங்கு பாகிஸ்தானுக்கு! ஆனால் பாகிஸ்தானின் வயல்களிற் பல கிழக்கு நதிகளை நம்பியிருந்தன. அவற்றுக்கு மேற்கிலிருந்து நீர் கொண்டுவர இணைப்புக் கால்வாய்களும், ஜீலத்தில் மங்களா அணையும், சிந்துவில் தர்பேலா அணையும் கட்ட வேண்டியதாயிற்று. அதற்காக அமெரிக்கா, பிரித்தானியா, மேற்கு ஜேர்மனி, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகள் பணம் கொடுத்தன. இந்தியா தன் பங்காக 6 கோடியே 20 இலட்சத்து 60 ஆயிரம் ஸ்ரேலிங் பவுணைப் பத்துச் சம தவணைகளாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1965 இல் இரு நாட்டுப் படைகளும் பொருதிய ஆண்டிலும் அத்தவணை நிற்கவில்லை.

நேரு இவ்வுடன்படிக்கைக்காக இந்தியப் பாராளுமன்றத்திற் கடுங் கண்டனத்துக்கு உள்ளானார். நீரைக் கொடுத்ததோடு பணத்தையும் கொடுத்தீரோ என்று 1960 நவம்பரில் கேட்டார்கள். ஒரு தீர்வை விலை கொடுத்து வாங்கினோம் என்பதே அவர் சொன்ன சமாதானம். இதனிலும் நியாயமான குறை ஒன்று உண்டு. அதைப் பரீட்சை நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஜீலமும் செனாபும் காஷ்மீர் மண்ணின் வழியே ஓடுகின்றன. அம்மண்ணிலே அந்நதிகளின்மேல் எத்தனை ஏக்கருக்குப் பாசனஞ் செய்யலாம், எவ்வளவு நீரைத் தேக்கலாம் என்பதற்கு எல்லை வகுத்தது இவ்வுடன்படிக்கை. தேக்கத்தக்க அளவு மொத்தம் 36 இலட்சம் ஏக்கர் அடி. கையொப்பமிட்டவர்கள் டில்லியும் கராச்சியும் ராவல்பிண்டியுமேயன்றி, ஆற்றங்கரையில் வாழும் காஷ்மீர மக்கள் அல்லர். தம்முடைய நீரைக் குறித்துத் தம்மைக் கேளாது முடிவு செய்தனர் என்று அவர்கள் இன்றளவுங் குறைப்படுவதை நாம் குற்றமாகக் கொள்ள மாட்டோம்.

இனி உடன்படிக்கையின் உள்ளே செல்வோம். பன்னிரண்டு உறுப்புரைகளும் எட்டு இணைப்புகளும் கொண்ட நீண்ட பத்திரம் அது. மேற்கு நதிகள் பாகிஸ்தானுக்கு உரியவை எனினும், அவற்றின்மீது இந்தியா மின்னிலையங்கள் கட்டலாம். ஓடும் நீரைச் சுழற்றி மின் எடுத்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். அவ்வணைகளின் மதகு எந்த மட்டத்தில் இருக்க வேண்டும், எவ்வளவு நீரை நிறுத்தலாம், புதிய தேக்கத்தை ஆண்டின் எந்த மாதங்களில் நிரப்பலாம் என்பன எல்லாம் எழுதப்பட்டுள்ளன. பொறியியலாளர் நுணுக்கம் என்று மாணவர் இவற்றைப் புரட்டிவிடுகின்றனர். முன் வரிசையில் இருக்கும் கமக்காரர்கள் புரட்டமாட்டார்கள். சிறுபோகத்துக்கு நீர் பங்கிடும் கூட்டத்தில், குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு என்பதோடு நீங்கள் அமைவதுண்டோ? துருசு எந்நாளில் திறக்கப்படும், கடைசிக் கண்டத்துக்கு நீர் எந்நாளில் வந்துசேரும் என்றல்லவா கேட்கின்றீர்கள்! விதைத்த பத்தாம் நாளில் வராத நீர் நாற்பதாம் நாளில் இருமடங்காக வந்தாலும் பயனென்ன? அளவுக்கு உரிமை, நாளுக்கு உரிமை என நீருரிமை இருவகைப்படும். சிந்து உடன்படிக்கை அளவை ஒரு வாக்கியத்திற் சொல்லி முடித்துவிட்டு, நாளைக் காப்பதற்கே நூறு பக்கம் எழுதியது.

நாளைக் காப்பவர் யாவர்? நாட்டுக்கு ஒருவராக இரு ஆணையாளர். அவர்கள் இருவருஞ் சேர்ந்ததே நிரந்தர சிந்து ஆணைக்குழு. ஆண்டுக்கு ஒரு தடவையேனும் கூட வேண்டும். நீரோட்டக் கணக்கை மாதந்தோறும் பரிமாற வேண்டும். வழக்கத்துக்கு மாறான பெருவெள்ளம் திறந்துவிடப்படின் முன்னறிவிக்க வேண்டும். இருவருக்கும் இணக்கம் ஏற்படாவிடின், நுணுக்க வேறுபாட்டை நடுநிலை நிபுணரிடமும், அதனிலும் பெரிய தகராற்றை நடுத்தீர்ப்பு மன்றத்திடமும் கொண்டுசெல்லலாம். இங்கே ஒரு திருத்தம்: உலக வங்கி இவ்வுடன்படிக்கைக்குப் பிணை நிற்கின்றது என்று விடைத்தாள்களில் எழுதுவது தவறு. வங்கி குறித்த சில உறுப்புரைகளுக்காக மாத்திரமே கையொப்பமிட்டது. நிபுணரையும் மன்றத்தையும் அமைக்க உதவுவதற்கு மேல் அதற்கு அதிகாரம் இல்லை.

இவ்வேற்பாடு வேலை செய்தது. 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்கள் அதனைக் குலைக்கவில்லை. செனாபின் சலால் அணை பற்றிய பிணக்கு 1978 இல் இரு நாடுகளும் பேசியே தீர்க்கப்பட்டது. பாக்லிஹார் அணையை நடுநிலை நிபுணர் ஆராய்ந்து 2007 இல் முடிவு கூறினார். பெரும்பாலும் இந்தியாவுக்குச் சார்பான முடிவு. கிஷன்கங்கா மின்திட்டம் மன்றத்துக்குச் சென்றது. 2013 இல் இந்தியா நீரைத் திருப்பலாம், ஆயினும் வினாடிக்கு 9 கனமீற்றர் நீரையேனும் ஆற்றில் விடவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தோற்றவர் முணுமுணுத்தனர், எனினும் தீர்ப்புக்கு அடங்கினர்.

சீர்கேடு மெல்லத் தொடங்கியது. 2016 இல் ஊரித் தாக்குதலின் பின்னர், குருதியும் நீரும் ஒருங்கே ஓட இயலாது என்ற கருத்தை இந்தியப் பிரதமர் வெளியிட்டார். 2022 இல், ஒரே தகராற்றுக்கு இந்தியா நிபுணரையும் பாகிஸ்தான் மன்றத்தையும் கேட்க, உலக வங்கி இரண்டையும் நியமித்தது. எமது எண்ணத்தில் அது வங்கி செய்த பெரும் பிழை. ஒரு வழக்கை இரண்டு நீதிமன்றங்களில் ஏககாலத்தில் விளங்க விடுவார் உண்டோ? இந்தியா மன்றத்தைப் பகிஷ்கரித்தது. 2023 சனவரியிலும் 2024 ஓகஸ்டிலும் உடன்படிக்கையைத் திருத்த வேண்டும் என்று அறிவித்தல் கொடுத்தது.

2025 ஏப்பிரல் 22 ஆம் திகதி காஷ்மீரின் பஹல்காமில் உல்லாசப் பயணிகள் உள்ளிட்ட 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொடுஞ் செயல், அதற்குச் சமாதானம் எதுவும் இல்லை. பாகிஸ்தானின் கை இதில் உண்டு என்றது இந்தியா, பாகிஸ்தான் மறுத்தது. மறுநாள் மாலை, எல்லை கடந்த பயங்கரவாதத்தைப் பாகிஸ்தான் மீளமுடியாத வகையிற் கைவிடும் வரை உடன்படிக்கை நிறுத்திவைக்கப்படும் என இந்தியா அறிவித்தது. தனக்குரிய நீரைத் தடுப்பது போர்ச் செயலாகக் கொள்ளப்படும் என்று பாகிஸ்தான் விடையிறுத்தது. மே 7 ஆம் திகதி தொடங்கிய சண்டை 10 ஆம் திகதி ஓய்ந்தது. உடன்படிக்கை மீளவில்லை.

வழக்கறிஞரிடம் வரும் வினா இது: ஒரு தரப்பு தானே நிறுத்திவைக்கலாமா? பன்னிரண்டாம் உறுப்புரையைப் படியுங்கள். இரு அரசாங்கங்களும் மற்றோர் உடன்படிக்கை எழுதி, முறைப்படி உறுதிப்படுத்தி, இதனை முடிவுறுத்தும் வரை இது நிலைத்திருக்கும் என்பது அதன் பொருள். நிறுத்திவைப்பு என்ற சொல் எங்கும் இல்லை. இந்தியா 2025 ஏப்பிரல் 24 ஆம் திகதி எழுதிய கடிதத்தில் சனத்தொகை மாறிவிட்டது, தூய மின்சக்தியின் தேவை பெருகிவிட்டது, பயங்கரவாதம் தொடர்கின்றது என்று காரணங் காட்டியது. நல்லெண்ணத்துடனும் நட்புடனும் செய்யப்பட்டதாக உடன்படிக்கையின் முகவுரை கூறுவதையும் இந்தியத் தரப்பினர் சுட்டுகின்றனர். அவ்வாதம் வெறும் வாதம் என்று ஒதுக்கத்தக்கதன்று. நண்பன் என்று நம்பி எழுதிய உறுதியைப் பகைவனுக்காகக் காக்க வேண்டுமா என்று ஒரு குடியானவனுங் கேட்பான்.

ஆனால் சட்டம் வேறுவிதமாகச் சொல்கின்றது. உடன்படிக்கைகள் பற்றிய 1969 ஆம் ஆண்டின் வியன்னா சமவாயத்தை இந்தியாவும் ஏற்கவில்லை, பாகிஸ்தானும் உறுதிப்படுத்தவில்லை, எனினும் அதன் முக்கிய விதிகள் சர்வதேச வழக்காறாகக் கொள்ளப்படுகின்றன. சூழ்நிலை அடியோடு மாறியது என்று காட்டி உடன்படிக்கையை விட்டொழிக்கலாம் என்ற விதி அதில் உண்டு. அவ்வாசல் மிகக் குறுகியது. டானியூப் நதியின் அணைகள் பற்றி ஹங்கேரிக்கும் சிலோவாக்கியாவுக்கும் நடந்த வழக்கில், 1997 இல் சர்வதேச நீதிமன்றம் ஹங்கேரியின் அத்தகைய வாதத்தை நிராகரித்தது. அதே தீர்ப்பில், ஹங்கேரி தவறிழைத்ததற்குப் பதிலாகச் சிலோவாக்கியா நதியைத் தன் பக்கம் திருப்பியது அளவுக்கு மிஞ்சிய பதில் என்றுஞ் சொல்லிற்று. பிறன் குற்றத்துக்கு மறுமொழியாக நீரை நிறுத்துதல் எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற வினாவுக்கு அதனிலும் அண்மையான முன்மாதிரி எமக்குத் தெரியாது. 2025 யூன் 27 ஆம் திகதி நடுத்தீர்ப்பு மன்றமும், இந்தியாவின் அறிவிப்பால் தன் நியாயாதிக்கம் போய்விடாது என்று தீர்த்தது. மன்றமே சட்டவிரோதமானது என்று இந்தியா அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. குற்றவாளிகளைத் தேடுவதும் தண்டிப்பதும் இந்தியாவின் உரிமை. லாயல்பூர்ப் பக்கத்து உழவனின் வாய்க்காலை அதற்குப் பிணையாக வைப்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டென்று நாம் கருதவில்லை.

சிந்து நதியை இந்தியா அடைத்துவிட்டது என்று சிலர் மேடைகளில் முழங்கினர். பனி உருகும் கோடையில் அப்பெருநதிகளின் நீரை நிறுத்தக்கூடிய அணை இந்தியாவிடம் இல்லை. கட்டப் பல்லாண்டுகள் செல்லும். ஆகவே அளவு உடனே குறையவில்லை. குறைந்தது நாள். 2025 மே முதல் வாரத்தில் பாக்லிஹார், சலால் அணைகளிற் சேற்றைக் கழுவும் வேலை நடந்ததாகவும், செனாபின் நீர் மராலா அணைக்கட்டில் சடுதியாகத் தாழ்ந்து மீண்டும் ஏறியதாகவுஞ் செய்திகள் வந்தன. நாற்றுமேடை ஆயத்தமாகும் காலத்தில் அதன் பொருளை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் தாவி நதியிற் பெருவெள்ளம் வந்தபோது, இந்தியா பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை விடுத்தது. மனிதாபிமானம் கருதி, இஸ்லாமாபாத்திலுள்ள தன் உயர்ஸ்தானிகராலயத்தின் வழியாக. ஆணையாளரின் வழியாக அன்று. செய்தி போய்ச் சேர்ந்தது நல்லதே. எனினும், முன்னர் கடமையாக வந்த செய்தி இப்பொழுது தயவாக வந்தது. தயவுக்கு நாள் குறிக்க முடியுமா?

கங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. 1996 டிசெம்பர் 12 ஆம் திகதி தேவகௌடாவும் ஷேக் ஹசீனாவும் கையொப்பமிட்ட கங்கை உடன்படிக்கை, நாம் முன்பு சொன்ன பங்குக் கிணற்று முறை. பரக்கா அணைக்கட்டில் வரும் நீர் 70,000 கன அடியும் அதற்குக் குறைவுமாயின் பாதிக்குப் பாதி. வறட்சி மிகும் மார்ச், ஏப்பிரல் காலத்தில் பத்து நாளுக்கு ஒருவராக இரு நாடுகளும் மாறி மாறி 35,000 கன அடியை நிச்சயமாகப் பெறும். அங்கே நாள் உடன்படிக்கையின் நெஞ்சிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. ஆனால் சிந்துவுக்கு இல்லாத ஒன்று அதற்கு உண்டு; முடிவுத் திகதி. முப்பது ஆண்டுகளுக்கென எழுதப்பட்டு, 2026 டிசெம்பரில் தவணை முடிவதாகவும், இருவரும் இணங்கினாற் புதுப்பிக்கலாம் என்றும் அதன் வாசகம் கூறுகின்றது. 1948 மார்ச் 31 ஆம் திகதியின் கதையைக் கேட்டுவிட்டீர்கள். ஆதலால் இந்த வாசகத்தை எப்படி வாசிப்பது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒப்பிடுக என்று வினா வந்தால், நதிகளின் பெயர்ப் பட்டியலோடு நிறுத்தாமல், இரு பத்திரங்களிலும் பன்னிரண்டாம் உறுப்புரை எதுவென்று பார்த்து அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். இரண்டிலும் முடிவைப் பற்றிய வாசகம் அவ்விலக்கத்திலேயே அமைந்திருப்பது தற்செயல். நினைவில் வைக்க வசதியானது. நேரமாகிவிட்டது. மாணவர்கள் முதலிற் கேள்விகளைக் கேட்கலாம், பெரியோர் பொறுத்தருள்க.